முப்பத்தஞ்சுக்கு ஒரு டிகிரி கீழே

உங்க பாட்டில்ல என்ன அண்ணாச்சி, போர் தண்ணியா? தண்ணின்னா பயமில்லை. உப்பு ஜாஸ்தின்னு எழுதித் தருவாங்க, நீங்களும் அதை வாங்கி மடிச்சு வச்சுட்டு வழக்கம்போல அதையே குடிக்கலாம். இந்த மதுரை லேப்புல தண்ணி டெஸ்ட் பண்ணுறது கீழ் ரூம். நான் மேல் ரூம் கேசு. மேல பியூலா மேடம்னு ஒரு அம்மா இருக்காங்க. கொண்டையில பேனாவைச் சொருகிக்கிட்டு, மெதுவாப் பேசிக்கிட்டு, பாத்தா பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி சாதுவா இருப்பாங்க. நம்பிராதீங்க. என் தொழிலையும் குடும்பத்தையும் ஒரே மத்தியானத்துல தலைகீழாக் கவுத்தது அந்தம்மாதான். அதுவும் எதை வச்சு? குழாய்த் தண்ணியை வச்சு.

டோக்கன் வர இன்னும் நேரம் கிடக்கு. சொல்றேன், கேளுங்க. நாளைக்கு உங்களுக்கே உதவும்.

எனக்கு சிவகாசி. பேரு வெயில்முத்து. அச்சாபீசுக்கு வாஷ் தயார் பண்ணிக் கொடுக்கிறேன். வாஷ்னா ஒண்ணுமில்லை, மிஷின் ரோலர்ல மை ஒட்டியிருக்கும்ல, ஒரு கலர் முடிஞ்சு அடுத்த கலர் ஏத்தணும்னா அதைத் துணியில நனைச்சுத் துடைப்பாங்க. அந்தத் துடைக்கிற தண்ணி. தண்ணின்னு சொல்றது பேச்சுக்கு. பெட்ரோலுக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வச்சுக்கோங்க.

கம்பெனி பேரு புஷ்பம் கெமிக்கல்ஸ். உடனே பெரிய புகைக்கூண்டை நினைச்சுக்கிடாதீங்க. வீட்டுல அடுப்படிக்குப் பின்னால ஒரு தகரச் சாய்ப்பு, அதுல ரெண்டு டிரம், ஒரு கைப்பம்பு, ஒரு புனல். அவ்வளவுதான். கலக்குறது நான். கேன்ல ஊத்தி மூடி போடுறது என் வீட்டுக்காரி தங்கபுஷ்பம். கம்பெனியும் அவ பேர்லதான். பொம்பளை பேர்ல இருந்தா பதிவு பண்ணுறது சுலபம்னு ஒருத்தன் சொன்னான். பேருதானே, போனாப் போகுதுன்னு போட்டேன். அங்க ஆரம்பிச்சது சனியன்.

சிவகாசியில வாஷ் விக்கிறவன் தெருவுக்கு நாலு பேர் இருக்கான். எல்லாரும் கனமான சால்வெண்டை வாங்கி அப்படியே கேன்ல ஊத்தி விக்கிறவங்க. காய அஞ்சு நிமிஷம் ஆகும். நான் யோசிச்சேன். தூத்துக்குடிப் பக்கம் ஒரு டீலர்கிட்ட லேசான சரக்கு ஒண்ணு கிடைச்சது. உள்ளங்கையில ஊத்தினீங்கன்னா கை நனையுறதுக்கு முன்னால காணாமப் போயிரும். ஜில்லுன்னு மட்டும் இருக்கும். அதை முக்கால், இதைக் கால்னு கலந்தேன். துடைச்ச கை எடுக்கிறதுக்குள்ள ரோலர் காஞ்சிரும். சித்திரை, வைகாசி, ஆனி மூணு மாசமும் எங்க ஊர்ல கேலண்டர் வேலை தலைக்கு மேல ஓடும். ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷக் கேலண்டர் மாதிரியெல்லாம் சேத்த ஆல்பம் வெளிய வந்தாகணும். அந்த நேரத்துல அஞ்சு நிமிஷம்னா சும்மாவா? ஒரு பெரிய அச்சாபீஸ்ல போர்மேன் சூசைன்னு ஒருத்தன், அவன் சொன்னான், "அண்ணே, உங்க வாஷ் பேய் மாதிரிண்ணே. வந்ததும் தெரியலை, போனதும் தெரியலை."

எனக்கு அன்னைக்கு சோறு இறங்கலை, அவ்வளவு பெருமை.

நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. சித்திரை கடைசியில பெங்களூர்ல இருந்து ஒரு ஆர்டர். கேனை எடுத்துட்டு பார்சல் ஆபீசுக்குப் போனேன். புக்கிங் கிளார்க் கேனைப் பாக்குறான், என்னைப் பாக்குறான். கேன் பூரி மாதிரி உப்பி நிக்குது.

"என்னண்ணே இது?"

"வெயிலுக்கு கொஞ்சம் வாயு பிடிச்சிருக்கும்ப்பா. மூடியைத் திறந்து விட்டா சரியாப் போயிரும்" அப்படின்னேன்.

அவன் என் லேபிளை வாசிச்சான். அதுல கொதிநிலை நூத்தி அறுபது டிகிரின்னு போட்டிருக்கும். அது நெட்ல எடுத்தது. வேற ஏதோ கம்பெனி தாளு, பேரை மட்டும் மாத்திக்கிட்டேன். எல்லாரும் செய்றதுதான். அந்தப் பய, "நூத்தி அறுபதுல கொதிக்கிறது எப்படிண்ணே என் மேசையில உப்புது? லேப்ல கொடுத்து டெஸ்ட் பண்ணி, பாதுகாப்புத் தாளோட வாங்க, ஏத்துறேன்" அப்படின்னுட்டான். கேனைக் காலாலகூடத் தொடலை.

அப்படித்தான் இங்க வந்து சேர்ந்தேன். இதே பெஞ்சுதான்.

மேல கூட்டிட்டுப் போனாங்க. பியூலா மேடம் முதல் காரியமா என்ன செஞ்சாங்க தெரியுமா? என் பாட்டிலை எடுத்து ஐஸ் பெட்டிக்குள்ள வச்சாங்க. நான் கேட்டேன், "மேடம், கொதிக்க வைக்கத்தானே கொடுத்திருக்கேன், குளிர வைக்கிறீங்களே?" அவுக சிரிக்கக்கூட இல்லை. "மூடியைத் திறந்ததும் பாதி ஓடிரும்போல இருக்கு சார், ஓடாம இருக்கத்தான்." அப்புறம் வயித்துப்பக்கம் உருண்டையா ஒரு கண்ணாடிக் குடுவை. அதுல என் சரக்கை ஊத்தி, கொதி சீரா வர ரெண்டு மூணு பீங்கான் சில்லைப் போட்டு, கழுத்துல தெர்மாமீட்டரைச் சொருகி, அடியில சூடு வச்சாங்க. பக்கத்துக் குழாய் வழியா ஆவி போயி, குளிர்ந்து, அந்தப் பக்கம் சொட்டா விழும். முதல் சொட்டு விழுற நேரத்துல தெர்மாமீட்டர் என்ன காட்டுதோ அதுதான் கொதிக்க ஆரம்பிக்கிற இடம்னு சொன்னாங்க. அதை வச்சுத்தான் எவ்வளவு ஆபத்து, எப்படி வைக்கணும், எதுல ஏத்தணும்னு முடிவு பண்ணுவாங்களாம்.

நான் நாற்காலியில சாஞ்சு உக்காந்தேன், டீ குடிச்சிட்டு வரலாமான்னு யோசிச்சேன். அதுக்குள்ள சொட்டு விழுந்திருச்சு.

"முப்பத்தி நாலு" அப்படின்னாங்க.

"நூத்தி முப்பத்தி நாலா மேடம்?"

"வெறும் முப்பத்தி நாலு."

வெளிய அன்னைக்கு நாப்பத்தோரு டிகிரி வெயில் அண்ணாச்சி.

அப்புறம் ஒரு புத்தகத்தைக் காட்டினாங்க. முப்பத்தஞ்சு டிகிரிக்கு மேல கொதிக்க ஆரம்பிச்சா ரெண்டாம் வகுப்பு ஆபத்து. முப்பத்தஞ்சு, இல்லை அதுக்குக் கீழன்னா முதல் வகுப்பு. முதல் வகுப்பை எந்தப் பார்சல்காரனும் ஏத்த மாட்டான். எங்க வம்சத்துல யாரும் எதுலயும் முதல் வகுப்புல பாஸ் ஆனதில்லை. என் வாஷ் ஆகியிருக்கு.

நான் நயமாப் பேசிப் பாத்தேன். "மேடம், ரெண்டே ரெண்டு டிகிரி. முப்பத்தாறுன்னு போட்டுக்கொடுங்க. கத்திரிக்காய் வாங்கினாக்கூட கடைக்காரன் ரெண்டு சேத்துப் போடுறான்." அவுக, "இது கத்திரிக்காய் இல்லை சார்" அப்படின்னாங்க. அப்ப எனக்கு ஒரு யோசனை. மலை மேல சீக்கிரம் கொதிக்கும்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கோம்ல? அப்ப பள்ளத்துல லேட்டாத்தானே கொதிக்கணும். "எங்க ஊர்ல எண்பது அடிக்கு ஒரு வறட்டுக் கிணறு இருக்கு மேடம். உள்ள இறங்கி வச்சுப் பாத்தா ரெண்டு டிகிரி கூடும்ல?" அந்தம்மா பேனாவை எடுத்து ஒரு கணக்கைக் காட்டினாங்க. "கடல் மட்டத்துக்குன்னு கணக்குப் போட்டு ஏற்கனவே அரை டிகிரி கூட்டித்தான் முப்பத்தி நாலு வந்திருக்கு. அப்படியே கிணத்துக்குள்ள கொதிக்கலைன்னாலும், பெங்களூர் லாரி கிணத்துக்குள்ளயா போகும்?"

எப்படிப் பேச்சு பாத்தீங்களா. மெதுவாத்தான் பேசுவாங்க.

நான் விடுவேனா? மறு வாரம் ஒரு பாட்டிலை மூடாம மொட்டை மாடியில அரை நாள் வச்சேன். லேசான சரக்கெல்லாம் பறந்து போச்சு. மிச்சத்தைக் கொண்டாந்து கொடுத்தேன். முதல் சொட்டு அம்பத்தொண்ணுல விழுந்துச்சு. எனக்கு ரெக்கை முளைச்சிருச்சு. ஆனா அந்தம்மா அந்தப் பாட்டிலைத் தராசுல வச்சு, பழைய நோட்டைப் புரட்டி, "இது போன தடவையைவிட கனமா இருக்கே. நீங்க விக்கிறது இதுவா, அதுவா?" அப்படின்னாங்க.

"இதுதான் மேடம்."

"அப்ப விக்கிறதுக்கு முன்னால மாடியில வச்சு எடுப்போம்னு ஃபாரத்துல எழுதி, ஓனர் கையெழுத்துப் போடணும்." ஃபாரத்தைப் பாத்தாங்க. "ஓனர் தங்கபுஷ்பம்னு இருக்கு. அவுகளைக் கூட்டிட்டு வாங்க. ரிப்போர்ட்டை அவுக கையிலதான் கொடுப்பேன்."

நான் மாடி விஷயத்தை வாயே திறக்கலை. அதை அந்தம்மா எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

சரி, கையெழுத்துத்தானே. தங்கபுஷ்பம் பத்தாவது படிச்சவ. இத்தனை வருஷமா நான் நீட்டின தாள்ல எல்லாம் ஏன்னு கேக்காமப் போட்டிருக்கா. துணிக்கடைக்குப் போலாம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். போற வழியில ஒரு அஞ்சு நிமிஷ வேலைன்னு இங்க ஏத்தினேன். பஸ்ஸுல வரும்போதே தலைவலின்னா. அவளுக்கு அது எப்பவும் உள்ளதுதான். தினம் சாயங்காலம் நெத்தியில தைலத்தைத் தேச்சுக்கிட்டு உக்காருவா. சீரியல் பாத்தா தலை வலிக்காம என்ன செய்யும்.

மேடம் அவளை உக்காரச் சொல்லி, "நீங்கதான் ஓனரா?" அப்படின்னு கேட்டாங்க.

இவ சிரிச்சா. "பேருக்குத்தான் மேடம். நான் கேன்ல ஊத்துற ஆளு."

"எங்க வச்சு ஊத்துவீங்க?"

"அடுப்படிக்குப் பின்னால."

"அடுப்பு எரியுறப்பவா?"

"ஆமா, குழம்பு ஒரு பக்கம் கொதிக்கும், இது ஒரு பக்கம். நேரம் மிச்சம்."

"மூக்குக்கு ஏதாவது கட்டுவீங்களா?"

"முந்தானையைப் பொத்திக்கிடுவேன்."

பியூலா மேடம் எந்திரிச்சுப் போனாங்க. ஒரு கண்ணாடி டம்ளர்ல குழாயைத் திறந்து தண்ணி பிடிச்சாங்க. மாடி டேங்குத் தண்ணி, வைகாசி மாசம், பட்டப்பகல். அதைக் கொண்டாந்து மேசையில வச்சாங்க. என் முதல் பாட்டில்ல இருந்து, ஐஸ் பெட்டியில பத்திரமா வச்சிருந்தாங்களே, அதுல இருந்து கொஞ்சத்தை ஒரு டெஸ்ட் டியூப்ல ஊத்தி, ஒரு பீங்கான் சில்லைப் போட்டு, அந்த டம்ளர் தண்ணிக்குள்ள நிறுத்தினாங்க. அடுப்பு இல்லை, கரண்டு இல்லை, ஒண்ணும் இல்லை.

அது கொதிச்சது அண்ணாச்சி. தளதளன்னு, உலையில அரிசி போடுற பதத்துக்கு.

தங்கபுஷ்பம் குனிஞ்சு பாத்தா. அப்புறம் அந்தத் தண்ணியில விரலை விட்டா. "சுடக்கூட இல்லையே மேடம்" அப்படின்னா. "எங்க அடுப்படி இதைவிடச் சூடா இருக்கும்." மேடம், "ஆமா" அப்படின்னாங்க. அவ்வளவுதான். ஒரு பிரசங்கம் பண்ணியிருந்தாக்கூட நான் பதில் சொல்லியிருப்பேன். வெறும் ஆமாவுக்கு என்ன பதில் சொல்ல?

இவ ஃபாரத்தை வாங்கினா. நான், "இந்த இடத்துல போடு" அப்படின்னு விரலை வச்சுக் காட்டுறேன், என் கையைத் தள்ளிட்டு மேல இருந்து கீழ வரைக்கும் வாசிச்சா. கல்யாணம் ஆகி பத்தொம்பது வருஷத்துல அவ வாசிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான். ரெண்டாவது பாட்டில் ரிப்போர்ட்டைக் கோடு போட்டு அடிச்சுட்டு, "கேனில் ஊத்துவது முதல் பாட்டில்" அப்படின்னு தன் கையால எழுதி, கையெழுத்துப் போட்டா. முப்பத்தி நாலுன்னு போட்ட ரிப்போர்ட்டை வாங்கி பைக்குள்ள வச்சுக்கிட்டா.

துணிக்கடைக்குப் போலாமான்னேன். வேண்டாம்னுட்டா. பொம்பளை துணிக்கடை வேண்டாம்னா விஷயம் முத்திருச்சுன்னு அர்த்தம்.

வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் சிலிண்டரை மூடினா. "ஏங்க, டிரம்மும் கேனும் இந்த வீட்டை விட்டுப் போற வரைக்கும் அடுப்பு எரியாது" அப்படின்னா. கத்தலை, அழலை. மேடத்துக்கிட்ட ஒரு மத்தியானத்துல கத்துக்கிட்டா அந்தப் பேச்சை. ஊருக்கு வெளிய அவ அண்ணனுக்கு ஒரு காலி இடம், தூண் மேல கூரை மட்டும் போட்டது, சுவரே கிடையாது. அங்க கொண்டுபோறதுக்கு ஒரு வாரம் ஆச்சு எனக்கு. அந்த ஒரு வாரமும் கடைப் பரோட்டா. அது என் வயித்துக்குள்ள என்ன டிகிரியில கொதிச்சுச்சுன்னு எந்த லேபும் பாக்கலை.

அதோட நின்னுச்சா? டீலருக்கு அவளே போன் போட்டு லேசான சரக்கு வேண்டாம்னுட்டா. என் கண்டுபிடிப்பு அண்ணாச்சி அது. முக்கால், கால். நான் ராப்பகலா யோசிச்சது. "பழையபடி கனமானதையே ஊத்துவோம்" அப்படின்னா. "ஆனியில கேலண்டர் வேலை உச்சத்துல நிக்கும்போது அஞ்சு நிமிஷம் காயுறதைக் கொண்டுபோனா சூசை மூஞ்சியில ஊத்துவான்" அப்படின்னேன். "ஊத்தட்டும், எரியாதுல்ல" அப்படின்னா.

சூசைகிட்ட அவளே போனா. நான் கேனைத் தூக்கிட்டுப் பின்னால போறேன், பாத்துக்கோங்க, என் சொந்தக் கம்பெனியில எனக்குக் கிடைச்ச பதவி. இவ அந்த முப்பத்தி நாலு தாளை எடுத்து அவன்கிட்டக் கொடுத்து, "இத்தனை மாசமா உங்களுக்குத் தந்தது இதுதான் தம்பி. இனிமே தர மாட்டோம்" அப்படின்னா. எந்த வியாபாரியாவது செய்வானா? நான் சூசை மூஞ்சியைப் பாக்கலை. சீலிங் ஃபேனைப் பாத்தேன்.

சூசை தாளை ரெண்டு தடவை வாசிச்சான். அப்புறம் சொன்னான், சித்திரையில மிஷின்மேன் ரெண்டு பேருக்குக் கிறுகிறுன்னு வந்துச்சாம். ரத்தினவேல்னு ஒருத்தன் துடைச்சுக்கிட்டு இருக்கும்போதே மிஷின் மேல சாய்ஞ்சிருக்கான். பக்கத்துல நின்னவன் சுவிட்சை அமுக்கினதால கை ரோலருக்குள்ள முழுசாப் போகலை. மூணு விரல் நசுங்கிருச்சு. வெயில் கிறுகிறுப்புன்னு சொல்லி மோர் கொடுத்திருக்காங்க.

மோர் கொடுத்தாங்க, தெளிஞ்சிருச்சு, முடிஞ்ச விஷயம். வெயிலுக்கு யாருக்குத்தான் கிறுகிறுப்பு வராது? ஆனா இவ அதைப் பிடிச்சுக்கிட்டா. ரத்தினவேல் வீடு எங்கன்னு கேட்டு, "வண்டியை எடுங்க" அப்படின்னா. ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போனேன். அவ உள்ள போயி ஒரு மணி நேரம் இருந்தா. நான் போகலை. தெரு குறுகல், வண்டியை நிறுத்தினா போறவங்க வாறவங்களுக்கு இடைஞ்சல், அதான் வண்டி மேலயே உக்காந்திருந்தேன். ஜன்னல் வழியாக் காதுல விழுந்துச்சு. மன்னிச்சுக்கோங்கன்னு சொல்றா. கம்பெனி சார்பா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம.

அந்தப் பய திருப்பி என்ன சொன்னான்னு விழலை. அந்நேரம் பாத்து ஒரு தண்ணி வண்டி ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்துச்சு. அதுக்காக வண்டியைக் கொஞ்சம் தள்ளி, தெரு முனை வரைக்கும் கொண்டுபோயி நிறுத்தினேன்.

திரும்ப வரும்போது, "அவரு உங்களைக் கேட்டாரு" அப்படின்னா. நான் பதில் சொல்லலை. வண்டி ஓட்டும்போது பேசக்கூடாதுல்ல.

அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவை கலக்கும்போதும் ஒரு பாட்டில் எடுத்து இங்க கொண்டுவரணும்னு சட்டம் போட்டுட்டா. கலக்குறதுன்னு சொல்றேன், இப்ப கலக்க என்ன இருக்கு? ஒரே சரக்கு. இருந்தாலும் டீலர் என்ன ஊத்தி அனுப்பினான்னு யாருக்குத் தெரியும்ங்கிறா. அதனால நான் பாட்டிலும் கையுமா மதுரைக்கும் சிவகாசிக்கும் அலையுறேன். பியூலா மேடம் இப்பல்லாம் என்னை ரூமுக்குள்ள நிக்க விடுறாங்க. முதல் சொட்டு விழப் போறது அந்தம்மாவைவிட எனக்கு முந்தித் தெரியும். குழாய் ஓரத்துல சின்னதா ஒரு வேர்வை பூக்கும், அப்ப, "மேடம், பாருங்க" அப்படின்னு சொல்லிருவேன். போன மாசம் லேப்புக்குப் புதுசா வந்த படிச்ச பிள்ளை ஒண்ணு பராக்குப் பாத்துக்கிட்டு தெர்மாமீட்டரைத் தள்ளி நின்னு வாசிச்சுச்சு. "கண்ணுக்கு நேரா வச்சு வாசிம்மா, இல்லைன்னா ஒரு டிகிரி திருடிரும்" அப்படின்னு சொன்னேன். இருக்கிறதுதானே சொல்லணும்.

வீட்டுல அவளுக்குத் தலைவலி நின்னுபோச்சு. சீரியல் அதேதான் பாக்குறா. அது எனக்கு விளங்கலை.

பெங்களூர் ஆர்டர் கைவிட்டுப் போயிருச்சுன்னுதான் நினைச்சேன். இவ அனுப்பின புது ரிப்போர்ட்டைப் பாத்துட்டு அவங்களே திரும்பக் கூப்பிட்டாங்க. நேரம் நல்லா இருந்திருக்கு, வேற என்ன சொல்ல. சூசையும் அஞ்சு நிமிஷத்துக்கு முணுமுணுத்துக்கிட்டே வாங்குறான். ஆல்பம் ஆடிப் பதினெட்டுக்கே வந்திருச்சு.

இந்த வாரம் திங்கக்கிழமை சூசை அச்சாபீசுக்குக் கேன் கொண்டுபோனோம். வாசல்ல ரத்தினவேல். வேலைக்குத் திரும்பிட்டான். மூணு விரலும் சரியா மடங்கலை, ஆனா கேனை வாங்கினான். நான் சீலிங் ஃபேனைத் தேடுறேன், வாசல்ல ஏது ஃபேன்? அவன் என் வீட்டுக்காரியைப் பாத்து, "அக்கா, இது எத்தனையில கொதிக்கும்?" அப்படின்னான். இவ தாளைப் பாக்கலை, ஒண்ணும் பாக்கலை. "நூத்தி நாப்பத்தெட்டு" அப்படின்னா, அப்படியே.

அவன் என் பக்கம் திரும்பினான். "சரிதானாண்ணே?"

என்ன செய்ய? கேக்குறவன் அவன். நசுங்கின கையில கேனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். அவன்கிட்டப் போயி எப்படி நான் தப்பாச் சொல்ல முடியும்? "நூத்தி நாப்பத்தெட்டரை" அப்படின்னு சொன்னேன். சொட்டு விழும்போது நேரா நின்னு பாத்தவன் நான். அரை டிகிரியை விழுங்கிட்டுப் பேசுறா அண்ணாச்சி, ஓனராம் ஓனரு.